அவித்த லீக்ஸும் வெளிநாட்டு விருந்தாளியும்

லீக்ஸ் என்றால் என்னவென்று இந்த ஏப்ரல் வரை எனக்குத் தெரியாது. தெரியாமல் நிம்மதியாக இருந்தேன். வெங்காயத்தாள் ஜிம்முக்குப் போய் உடம்பு ஏற்றிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்? அதுதான் லீக்ஸ். இலங்கையின் மலைநாட்டில் அது பச்சைப் பசேல் என்று விளைந்து கிடக்கிறது. பார்க்க அழகு. பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

எல்லாம் டாக்டர் ஆரம்பித்து வைத்தது. எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றார். "தாண்டலையே டாக்டர்" என்று நான் சந்தோஷப்பட்டேன். பக்கத்தில் இருந்த என் மனைவி மாலதி சந்தோஷப்படவில்லை. அவள் பள்ளிக்கூட ஆசிரியை. எல்லையில் நிற்கிற பையன்களை இழுத்துப் பிடித்து இந்தப் பக்கம் கொண்டுவருவதுதான் அவள் தொழில். அன்று மாலையே அறிவிப்பு வந்தது: இந்த வருடக் கோடை விடுமுறை ஆரோக்கிய விடுமுறை. ஏரிகளைப் பார்ப்போம், காட்டில் கூடாரம் போட்டுத் தங்குவோம், சீனி, மைதா, எண்ணெய் தொடமாட்டோம். ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த எங்கள் மகள் நிலா "நாமன்னா யாரும்மா? அப்பாவா?" என்று கேட்டாள். "அப்பாதான்" என்றாள் மாலதி.

இடத்தையும் அவளே முடிவு செய்திருந்தாள். என் மாமனார் சிறு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறித் திருச்சிக்கு வந்தவர். அவர் தம்பி வராமல் அங்கேயே இருந்துவிட்டார். அந்தத் தம்பியின் மகன் செல்வம், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கூடார முகாம் ஒன்று ஆரம்பிக்கப்போகிறானாம். "அக்கா, மொதல்ல நீங்கதான் வந்து தங்கணும்" என்று போனில் கெஞ்சியிருக்கிறான். அந்தக் கெஞ்சலுக்கு உள்ளே என்ன இருந்தது என்று போய்ச் சேரும்வரை எங்களுக்குத் தெரியாது.

முதல் நாள் நுவரெலியா. ஏப்ரல் அங்கே சீசன். பாதிக் கொழும்பு மலையேறி வந்து ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தது. இதே நேரத்தில் திருச்சியில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும். இங்கே எனக்குப் பல் தந்தியடித்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு குரங்குக் குல்லா வாங்கிக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். கடைக் கண்ணாடியில் பார்த்தேன். யாரோ ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

ஏரியில் அன்னப் பறவை மாதிரி படகுகள் இருந்தன. காலால் மிதிக்க வேண்டும். மிதிப்பது உடற்பயிற்சி என்பதால் மாலதி உடனே சம்மதித்தாள். நானும் நிலாவும் மிதித்தோம். நான் பலமாகவும் அவள் பெயருக்கும் மிதித்ததில் அன்னம் நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. கரையில் இருந்த கூட்டம் கை தட்டியது. நான் கையசைத்தேன். பிறகுதான் அவர்கள் சிரிக்கிறார்கள் என்று புரிந்தது.

இறங்கி வந்தபோது, அன்னாசியில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்றுக்கொண்டிருந்தவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"அண்ணே எந்தத் தோட்டம்?"

"திருச்சி."

"அது எந்தப் பக்கம்? ராகலைக்கு அங்கிட்டா?"

"இல்லீங்க, இந்தியா."

அவர் என் குல்லாவைப் பார்த்தார், மூஞ்சியைப் பார்த்தார். "சும்மா கதை விடாதீங்கண்ணே" என்று சொல்லி எனக்கு மட்டும் ஒரு துண்டு அதிகமாக வைத்துக் கொடுத்தார்.

வெளிநாட்டுக்கு வந்தால் வெளிநாட்டுக்காரன் மாதிரி இருப்போம் என்று ஒரு நம்பிக்கை எனக்கு இருந்தது. அது அந்த அன்னாசித் துண்டோடு போயிற்று. அடுத்த நாட்களில் பஸ்ஸில், கடையில், கோயில் வாசலில், எங்கே போனாலும் அதே கேள்வி. என் முகம், என் கறுப்பு, என் மீசை, "இருக்குங்க, வாங்க" என்கிற என் பேச்சு, எல்லாம் அங்கே ஏற்கனவே நிறையப் பேரிடம் இருந்தன. அவர்கள் பாட்டன்மார் போனதும் எங்கள் திருச்சிப் பக்கத்திலிருந்துதானே? மாலதியை யாரும் கேட்கவில்லை. அவள் கறுப்புக் கண்ணாடியும் ஓட்டப்பந்தய ஷூவும் போட்டிருந்தாள்.

இரண்டாம் நாள் தலவாக்கலை. அங்கேயும் ஒரு நீர்த்தேக்கம், அதையும் பார்த்தாக வேண்டும். கொழும்பு போகிற பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் எங்கள் பெரிய பையை டிரைவர் பக்கத்தில் வைக்கச் சொன்னார். நான் கூட்டத்தில் மெல்ல மெல்லப் பின்னால் தள்ளப்பட்டேன். தலவாக்கலையில் பின்வாசல் வழியாக இறங்கினோம். பஸ் போயிற்று. பையும் போயிற்று. என் சட்டை, பேன்ட் அத்தனையும் அதில். மாலதி திருச்சியிலிருந்து சுமந்து வந்த ஓட்ஸும் அதில். உடையை நினைத்து வருத்தப்பட்டேன். ஓட்ஸை நினைத்து எவ்வளவு கட்டுப்படுத்தியும் முகம் மலர்ந்துவிட்டது.

செல்வம் தன் த்ரீவீலை, நம்மூர் ஆட்டோதான், எடுத்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டான். முப்பது வயதுக்குள் இருக்கும். மாலதி அவனுக்கு அக்கா என்பதால் நான் அவனுக்கு மச்சான். வந்ததும் ஆளுக்கு ஆள் போன் போட்டான். சாயங்காலத்துக்குள் பை கண்டுபிடிக்கப்பட்டது. பஸ் தேநீருக்கு நிற்கிற கினிகத்தேனை என்ற ஊரின் கடையில் கண்டக்டர் இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். கடைக்கார நானா, முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், போனில் என்னை விசாரித்தார்.

"பைக்குள்ள என்ன இருக்கு, சொல்லுங்க பாப்பம்?"

"ஓட்ஸ்."

"அப்ப உங்கடதான். இந்தப் பக்கம் வேற ஒருத்தரும் அதைத் தூக்கிக்கொண்டு திரிய மாட்டாங்க."

வருகிற வண்டியில் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். அதுவரை செல்வத்தின் சாரமும் அவனுடைய பழைய கம்பளிச் சட்டையும்தான் எனக்கு. நம்மூர்க் கைலியை அங்கே சாரம் என்கிறார்கள். கட்டியவுடன் இன்னும் இரண்டு பேர் எந்தத் தோட்டம் என்று கேட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை செல்வம் வீட்டில். லயம் என்று சொல்கிற நீண்ட வரிசை வீட்டில் ஒரு அறை, அதைக் காம்பரா என்கிறார்கள், முன்னால் ஒரு சின்னக் கட்டு. அவன் மனைவி ராஜேஸ்வரி நிறைமாதத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். பால் கலக்காத தேநீர் கொண்டுவந்து, என் உள்ளங்கையில் சீனி வைக்க வந்தாள். அங்கே அப்படித்தான், கையில் வைத்த சீனியை நக்கிக்கொண்டே தேநீரைக் குடிக்க வேண்டும். நான் கையை நீட்டினேன். மாலதி அந்தக் கையை மடக்கினாள்.

"அவருக்குச் சீனி வேணாம்மா."

"ஏன்க்கா, மச்சான் எங்க மேல கோவமா?"

"இல்லம்மா, சர்க்கரை."

"அதான் நானும் குடுக்குறேன்" என்றாள் ராஜேஸ்வரி.

பிறகு ரொட்டி சுட்டாள். கோதுமை மாவில் தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், வெங்காயம் போட்டுப் பிசைந்து, கையிலேயே தட்டிக் கனமாகக் கல்லில் போடுவது. தொட்டுக்கொள்ளத் தேயிலைக் கொழுந்தில் செய்த சம்பல். தேயிலையை மென்று தின்னலாம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு ரொட்டிக்கும் அவள் கை எப்படிப் போகிறது என்று, பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அரை ரொட்டி அனுமதிக்கப்பட்டது. மற்ற அரையை மாலதி சாப்பிட்டாள், எனக்காக.

அங்கிருந்து முகாமுக்கு. தோட்டத்து ரோட்டில் த்ரீவீல் இரண்டு இடத்தில் மூச்சுவிட்டு நின்றது. நான் இறங்கித் தள்ளினேன். "நல்ல எக்ஸர்சைஸ்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தள்ளிக்கொண்டே போகும்போது செல்வம் விஷயத்தை உடைத்தான்.

"மச்சான், தொரகிட்ட ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். வெளிநாட்டுக் கெஸ்ட் வந்து தங்கிப் பாக்கப் போறாங்கன்னு."

"யாரு அந்த வெளிநாட்டுக்காரங்க?"

"நீங்கதான்."

நான் தள்ளுவதை நிறுத்தினேன். வண்டி கொஞ்சம் பின்னால் வந்தது.

"பாஸ்போர்ட் இருக்குல்ல மச்சான்? அப்புறம் என்ன?"

முகாம் போடுகிற இடம் தோட்டத்துக்குச் சொந்தம். முன்பு தேயிலை நாற்று வளர்த்த தவறணை, இப்போது சும்மா கிடக்கிறது. தோட்ட மேனேஜரைத்தான் துரை என்கிறார்கள். ஒரு தடவை விருந்தாளிகளைத் தங்க வை, நான் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். நாளைக் காலை வருகிறார்.

"சரின்னா நாங்க இங்கயே பொழைச்சுக்குவோம். இல்லேன்னா மறுபடி கொழும்புதான் மச்சான், அதே ஹார்ட்வேர் கடை. கடை மாடியிலயே படுக்கை. தீவாளிக்குத் தீவாளி வந்து புள்ளயப் பாக்கணும். அது என்னய யாருன்னு கேக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. வண்டியைத் தள்ளினேன்.

இடம் என்னவோ அற்புதம். கீழே காசல்ரீ நீர்த்தேக்கம், தண்ணீர் இறங்கிச் செம்மண் விளிம்பு தெரிந்தது. சுற்றிலும் தேயிலை, மேலே காடு. நம்மூர் முக்கொம்பில் தண்ணீர் ஓரம் உட்கார்ந்தால் புளிசாதமும் வடையும் பிரியும், குரங்கு வரும், சண்டை நடக்கும். இங்கே ஒரு நாய் மட்டும் வந்து பார்த்துவிட்டு, சாப்பாடு இல்லை என்று புரிந்து போய்விட்டது. கூடாரத்தைச் செல்வமும் நானும் போட்டோம். நின்றது. ஆனால் கையில் ஒரு கம்பி மிச்சம் இருந்தது. அது இல்லாமல் கூடாரம் எப்படி நிற்கிறது என்று எங்கள் இருவருக்குமே விளங்கவில்லை. அதை அப்படியே புதரோரம் வைத்துவிட்டோம். என் காலில் அட்டைகள் ஏறியிருந்தன. ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது என்று அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

இரவுச் சாப்பாட்டில்தான் லீக்ஸ் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் காய்கறியை உப்பில்லாமல் அவித்துத்தான் தின்பார்கள் என்று செல்வம் போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறான். லீக்ஸ், கேரட், பீட்ரூட், எல்லாம் வெந்நீரில் குளித்துவிட்டுத் தட்டில் படுத்திருந்தன. மாலதிக்கு ஆனந்தம். "இதுதான் செல்வம், இதேதான் நான் சொன்னது!" அவளுக்கும் அவனுக்கும் நடுவே நான் அதைத் தின்றேன். செல்வம் தனக்கு மட்டும் ராஜேஸ்வரி கொடுத்தனுப்பிய கோதுமை மாவையும் தேங்காயையும் ஒரு பையில் வைத்திருந்தான். அந்தப் பை இருந்த இடத்தை நான் கவனித்துக்கொண்டேன்.

நான்காம் நாள், விடிந்தும் விடியாத நேரம். பசி என்னை எழுப்பியது. மாலதியும் நிலாவும் தூங்கினார்கள். துரையை வரவேற்கச் செல்வம் ஏற்கனவே மேல் ரோட்டுக்குப் போயிருந்தான். குல்லா, சாரம், கம்பளிச் சட்டையோடு அடுப்பைப் பற்றவைத்தேன். தேங்காய் துருவினேன். மாவைப் பிசைந்தேன். சுற்றிலும் கொழுந்துதானே, நாலு கிள்ளிச் சம்பலும் அரைத்துவிட்டேன். முதல் ரொட்டி கல்லில் உப்பி வந்த நேரம் பின்னால் ஒரு குரல்.

"ஏய், செல்வம் எங்கே?"

திரும்பினேன். கையில் கம்பு, முழங்கால் வரை காலுறை. தேயிலைக்குள் குறுக்கே இறங்கி வந்திருக்கிறார் துரை. அங்கே நடந்ததை இன்றுவரை எனக்கு விளக்கத் தெரியவில்லை. நான் சட்டென்று எழுந்து நின்றேன், கை தானாகக் கட்டிக்கொண்டது. நான் கணக்குப் பார்க்கிற ஸ்கூட்டர் ஷோரூமில் முதலாளி வந்தால்கூட நாற்காலியை லேசாக அசைப்பதோடு சரி. இங்கே யார் எனக்குள்ளிருந்து எழுந்து நின்றது?

"மேல ரோட்டுக்குப் போயிருக்காருங்க."

"கெஸ்ட் எங்கே?"

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் கையைப் பார்த்தேன், முழங்கை வரை மாவு. முகாமுக்கு வந்த வெளிநாட்டு விருந்தாளி பசி தாங்காமல் விடியற்காலையில் மாவு திருடி ரொட்டி சுடுகிறான் என்றால், இந்த முகாம் உருப்படுமா?

"தூங்குறாங்க" என்றேன்.

"நீ குக்கா?"

"ஆமாங்க."

துரை சிங்களவர். தமிழ் நன்றாகவே பேசினார். வேலை வாங்குவதற்காகக் கற்ற தமிழ் என்பதால் அன்பாகச் சொன்னாலும் உத்தரவு மாதிரி விழுந்தது. "குடு" என்றார். கொடுத்தேன். கல்லின் மேல் உட்கார்ந்து ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்றார். "இன்னும் குடு." மூன்றாவதும் போயிற்று. என் வயிறு பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"நேத்து ராத்திரி கெஸ்டுக்கு என்ன குடுத்தே?"

"லீக்ஸுங்க."

"எப்படி?"

"அவிச்சு."

"உப்பு?"

"போடலீங்க."

துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்குப் புத்தி இருக்கா? இவ்வளவு நல்லா ரொட்டி சுடுறே. வீட்டுக்கு வந்த ஆளுக்கு லீக்ஸ் அவிச்சுப் போடுறே. பாவம் இல்லையா அந்த மனுஷன்?"

"பாவந்தாங்க" என்றேன் மனதார. என் வாழ்க்கையில் எனக்காக ஒருவர் என்னையே இப்படித் திட்டியதில்லை.

கூடாரத்தின் ஜிப் திறந்தது. மாலதி வந்தாள், ஷூவோடு. துரை எழுந்து தொப்பியைத் தொட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். இந்தியாவிலிருந்து வருகிறீர்களா, மிகவும் சந்தோஷம், இரவு குளிராக இருந்ததா என்று விசாரித்தார். மாலதி அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தாள். கட்டிய கை, மாவு, தட்டு. வகுப்பறையில் இருபது வருடம் நின்றவள். யார் என்ன செய்துவிட்டு எப்படி நிற்கிறான் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

"உங்கள் கணவர்?" என்று துரை கேட்டார்.

மாலதி கூடாரத்தைக் காட்டினாள். "தூங்குகிறார்" என்றாள். "நன்றாகத் தூங்குவார்."

"தூங்கட்டும், தூங்கட்டும். உங்கள் குக் பிரமாதமாக ரொட்டி செய்கிறான்."

"ரொட்டியா?" என்றாள். அந்த ஒற்றைச் சொல்லில் என் எதிர்காலம் இருந்தது.

நிலாவும் போர்வையோடு வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், துரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை யாருக்குப் பிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "குக் அங்கிள், எனக்கு ஒரு ரொட்டி" என்றாள்.

செல்வம் மேலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தான். என்னைக் கண்டதும் "மச்சா..." என்று ஆரம்பித்து, நிலா கண்ணைக் காட்டியதும் இருமலாக மாற்றினான். துரை கம்பால் இடத்தைச் சுற்றிக் காட்டினார்.

"செல்வம், இந்த சீசனுக்கு நடத்து. நெருப்பு இங்கே மட்டும். தேயிலைக்குள்ள ஒருத்தனையும் விடாதே. அந்தக் கூடாரம் சாயுது, பாரு. சாப்பாடு இவன் செய்யணும். இவன்தான். லீக்ஸ் வேண்டாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் பேர் என்ன? எந்தக் கணக்கு?"

அங்கே கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு என்று எனக்கு அப்போது தெரியாது. ஷோரூம் கணக்கைத்தான் கேட்கிறாரோ என்று குழம்பி விழித்தேன். செல்வம் முந்திக்கொண்டான். "மூர்த்திங்க. கீழ்க்கணக்கு."

துரை தலையாட்டிவிட்டு வந்த வழியே தேயிலைக்குள் ஏறிப் போனார்.

அவர் தலை மறையும்வரை ஒருவரும் அசையவில்லை. பிறகு செல்வம் என் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டான். சிரித்தான், கண்ணைத் துடைத்தான், அதனால் அவன் முகமெல்லாம் மாவு. ராஜேஸ்வரிக்குப் போன் போட்டான். "கெடச்சிருச்சு புள்ள" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

மாலதி அடுப்புப் பக்கம் வந்தாள். "எத்தனை ரொட்டி?"

"அவருக்கு மூணு. நிலாவுக்கு இப்ப ஒண்ணு போடப்போறேன்."

"உங்களுக்கு?"

"நான்தான் தூங்கிட்டிருந்தேனே."

அவள் சிரித்துவிட்டாள். கல்லில் இரண்டு போடச் சொன்னாள். ஆரோக்கிய விடுமுறை அந்தக் காலையோடு முடிந்தது என்று சொல்லமாட்டேன். தளர்ந்தது என்று சொல்லலாம்.

திரும்பி வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். மதிய வெயிலில் ஷோரூமில் உட்கார்ந்திருந்தேன். செல்வம் போன் செய்தான். பெண் குழந்தை. அவன்தான் மருத்துவமனையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தானாம். முகாமில் ஆள் நிற்காமல் வருகிறார்கள். ராஜேஸ்வரி லயத்திலிருந்தே ரொட்டி சுட்டு அனுப்புகிறாள், அது என்னுடையதைவிட நன்றாகவே இருக்கும், இருந்தாலும் ஒரு சிக்கல்.

"தொர வர்றப்பல்லாம் ஒங்களத்தான் கேக்குறாரு மச்சான். மூர்த்தி எங்கே, மூர்த்தி எங்கேன்னு."

"என்னடா சொன்ன?"

"வேற என்ன சொல்றது? கொழும்புக்குப் போயிட்டான், ஹார்ட்வேர் கடையில நிக்கிறான்னு சொல்லிட்டேன். பொண்டாட்டி புள்ளய இங்க விட்டுட்டுப் போயிருக்கான், தீவாளிக்குத்தான் வருவான்னு வாயில வந்துருச்சு."

அவன் வைத்திருந்த பயத்தையெல்லாம் மொத்தமாக என் தலையில் கட்டிவிட்டான்.

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"முகம் வாடிப்போச்சு மச்சான். அப்படி விடக்கூடாது, உடனே திரும்பி வரச் சொல்லு, கொழந்தய விட்டுட்டு என்ன பொழைப்புன்னாரு. வந்தா லயத்துல ஒரு காம்பராவும் தாறாராம். நான் என்ன சொல்லட்டும்?"

வெளியே ரோட்டில் தார் உருகிக்கொண்டிருந்தது. மேலே மின்விசிறி வெந்நீரைக் கலக்குவது மாதிரி சுற்றியது. உள்ளறையிலிருந்து முதலாளி போன மாதக் கணக்கைக் கேட்டுக் கத்தினார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எப்பருந்து வரணுமாம்?" என்று கேட்டேன்.